டேப்லெட்டா, லேப்டாப்பா, கையிலிருக்கும் போனா: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குக் கல்லூரி எதை வாங்கலாம்?

சென்னையில் ஒரு கல்லூரியின் சமவாய்ப்பு மையத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள், பயன்பெற வேண்டிய மாணவர்கள் இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக நடப்பது இதுதான்: ஒரே மாடலில் இருபது டேப்லெட்டுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள், மேடை போட்டு வழங்குவார்கள், புகைப்படம் எடுப்பார்கள். செமஸ்டர் பாதி தாண்டுவதற்குள் அவற்றில் பல வீட்டில் தம்பி தங்கைகள் வீடியோ பார்க்கும் பெட்டியாகிவிடும். குறை மாணவர்களிடம் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைக் குறிப்பிடுகிறது. அத்தனை பேருக்கும் ஒரே கருவி என்று முடிவெடுத்த இடத்தில்தான் கோளாறு.

ஐபேடா ஆண்ட்ராய்டா என்ற கேள்வி இரண்டாவதாக வரவேண்டியது. இந்த மாணவர் கல்லூரியில் நாள் முழுக்க என்ன வேலையைச் செய்யத் தடுமாறுகிறார் என்பதே முதல் கேள்வி. படிப்பதா, எழுதுவதா, பாடத்தைக் கேட்பதா, பேசுவதா, தேர்வறையில் விடை தருவதா? பதிலைப் பொறுத்து வாங்க வேண்டிய பொருள் மாறும். சிலருக்கு டேப்லெட்டே வேண்டியிருக்காது.

முதலில் பாடக்குறிப்பைப் பாருங்கள்

கருவி வாங்கும் முன்பு செய்யவேண்டிய, காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. துறையில் சுற்றிக்கொண்டிருக்கும் தமிழ்ப் பாடக்குறிப்பு பிடிஎஃப் ஒன்றைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோடு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றம். திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பான் எதுவும் அதைப் படிக்கும். ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. கண்ணுக்கு அது ‘வணக்கம்’ என்றே தெரியும். திரைவாசிப்பானோ அதை ‘டி, இசட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன்’ என்று வாசிக்கும். எண்பதாயிரம் ரூபாய் ஐபேடும் அப்படித்தான் வாசிக்கும். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் பக்கம் வெறும் படம்.

இன்னொரு வகையும் உண்டு. தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ்-16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. டேஸ்-16 எழுத்துகள் யூனிகோடில் தனிப்பயன்பாட்டுக்கென ஒதுக்கிய பகுதியில் இருப்பதால் திரைவாசிப்பானுக்கு அவை புரியாது. வரியையே விழுங்கிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். குப்பையாக வாசித்தாலாவது மாணவருக்குச் சந்தேகம் வரும். மௌனமாகத் தாண்டினால் ஒரு பத்தி போனதே தெரியாது.

பழைய எழுத்துருக் கோப்புகளுக்கு இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மூல வேர்ட் கோப்பு கிடைத்தால் பத்து நிமிட வேலை. படமாக உள்ள பக்கங்களை 300 டிபிஐ-யில் நேராக ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். பழைய அச்சில் ‘ர’வும் துணைக்காலும் ஒன்றையொன்று மாற்றிக்கொள்ளும், ஒற்றுப் புள்ளிகள் உதிரும், இரண்டு நெடுவரிசையாக அச்சிட்ட பக்கம் கலந்துபோகும். ஆகவே பிழை பார்க்க ஆள் வேண்டும்; ஆண்டு முழுக்க ஒரு பகுதிநேர உதவியாளருக்கான பணம் இரண்டு மூன்று டேப்லெட்டை விட அதிகம் உழைக்கும். பதிப்புரிமை பயம் வேண்டாம். 2012 திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்பி) பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்காக அணுகத்தக்க வடிவில் படியெடுக்க இடம் தருகிறது. ‘சுகம்ய புஸ்தகாலயா’ இணைய நூலகத்தில் ஏற்கெனவே மாற்றப்பட்ட நூல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்கேனரைத் தொடலாம்.

பார்வையற்ற மாணவருக்கு: லேப்டாப்தான், டேப் அல்ல

திரையைப் பார்க்காமல் வேலை செய்பவருக்குப் பதினோரு அங்குலத் திரை எதற்கு? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. டேப்லெட்டில் இருக்கும் திரைவாசிப்பான்களான டாக்பேக்கும் (ஆண்ட்ராய்டு) வாய்ஸ்ஓவரும் (ஆப்பிள்) அவர் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் அப்படியே இருக்கின்றன. ஒரு கையில் வெண்கோல், மறுகையில் எம்டிசி பஸ்ஸின் கம்பி என்று வருபவருக்கு உறையோடு முக்கால் கிலோ வரும் ஒரு பலகையால் லாபமில்லை. பிரெய்ல் விரல்முறையில் திரையிலேயே தட்டச்சு செய்பவருக்கு மட்டும் பெரிய திரை விரல்களைத் தாராளமாக வைக்க உதவும். அது ஒன்றுக்காக இருபதாயிரம் செலவழிக்க வேண்டுமா என்பதை அந்த மாணவரே சொல்லட்டும்.

அவருக்கு உண்மையில் தேவை நீண்ட எழுத்து வேலைக்கான கருவி: அடிக்குறிப்பு, அட்டவணை, பக்க எண், தலைப்பு வரிசை எல்லாம் கொண்ட முப்பது பக்க ஒப்படைப்பை எழுத வேண்டும். விண்டோஸ் லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். எச் விசையைத் தட்டினால் இணையப் பக்கத்தில் தலைப்பு தலைப்பாகத் தாவலாம். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்சர்ட்) எஃப் சேர்த்தால் எழுத்துருவின் பெயர், அளவு, தடிப்பு எல்லாவற்றையும் சொல்லும். மொபைல் வேர்டில் இந்த நுணுக்கம் கிடைக்காது.

என்விடிஏவை நிறுவியவுடன் அதனோடு வரும் ஈஸ்பீக் தமிழ்க் குரல் தகரத்தில் தட்டுவது போல இருக்கும். அதைக் கேட்டுவிட்டுத்தான் பலர் ‘தமிழ் சரியில்லை’ என்று ஒதுக்குகிறார்கள். விண்டோஸ் அமைப்புகளில் பேச்சுப் பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேருங்கள். ‘வள்ளுவர்’ என்ற ஆண் குரல் இறங்கும். பிறகு கன்ட்ரோல், என்விடிஏ, எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தி ஒலிப்பொறியை ‘விண்டோஸ் ஒன்கோர்’ என்று மாற்றுங்கள். வேகமாகப் படிக்கப் பழகியவர்கள் மறுபடி ஈஸ்பீக்குக்கே திரும்புவதும் உண்டு. வேகத்தைக் கூட்டினாலும் அதில் சொல் சிதையாது. தட்டச்சுக்கு விண்டோஸிலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது.

கணக்கு, பொருளியல், புள்ளியியல் மாணவராக இருந்தால் லேப்டாப்பின் பக்கம் தராசு இன்னும் சாயும். சமன்பாடு படமாக ஒட்டப்பட்டிருந்தால் எந்தக் கருவிக்கும் வாய் வராது. சமன்பாட்டை எழுத்தாகக் குறிக்கும் மேத்எம்எல் வடிவில் இருந்தால் என்விடிஏ, மேத்கேட் என்ற துணைநிரலின் உதவியோடு பகுதி பகுதியாக வாசிக்கும். ஐபேடின் வாய்ஸ்ஓவரும் வாசிக்கும். டாக்பேக் இதில் பின்தங்கியே இருக்கிறது.

ஆக இவருக்கு லேப்டாப் ஒன்று, கூடவே போனுக்கு ஒரு மடக்கு விசைப்பலகை. புளூடூத் ஹெட்செட் தராதீர்கள். விசையைத் தட்டிய பிறகு அரை நொடி தாமதித்து எழுத்தைச் சொல்லும் காதொலியோடு தட்டச்சு செய்வது சித்திரவதை. வயர் இயர்போன் இரண்டு வாங்கித் தாருங்கள், ஒன்று எப்படியும் அறுந்துபோகும்.

குறைபார்வை: டேப்லெட் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம்

ஏ4 பக்கத்தைக் கிட்டத்தட்ட முழுதாகக் காட்டி, இரண்டு விரலில் பெரிதாக்கி, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் படிக்க முடிகிற கருவி டேப்லெட் மட்டும்தான். இங்கே அளவு முக்கியம், 10.4 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள்.

சாம்சங் டேப் எஸ்6 லைட்டில் பேனா பெட்டியோடே வரும். டேப் ஏ9 பிளஸ் பெரிய திரை, விலையும் குறைவு, ஆனால் பேனா கிடையாது. இரண்டிலும் 3.5 மிமீ இயர்போன் துளை இருக்கிறது. அடிப்படை ஐபேடில், பத்தாம் தலைமுறையிலிருந்து அந்தத் துளை இல்லை. பேனாவுக்குத் தனியே எட்டாயிரத்தை ஒட்டிச் செலவாகும். திரையின் தரம், பெரிதாக்கும்போது இழுத்த இழுப்புக்கு வழுக்கி வருவது ஆகியவற்றில் ஐபேட் மேல். ஆனாலும் பெரும்பாலான கலை, வணிகவியல் மாணவர்களுக்கு அந்த மேன்மை விலை வித்தியாசத்துக்கு ஈடாகாது என்பதே எங்கள் கணிப்பு.

அமைப்புகளில் கவனிக்க வேண்டியது வெளிச்சம். ஆல்பினிசம் (நிறமிக் குறைபாடு) உள்ள மாணவருக்கு வெள்ளைப் பின்னணி கண்ணில் ஊசி குத்துவது போல இருக்கும். ஐபேடில் ‘வெண்மையைக் குறை’ வசதியும், ஆண்ட்ராய்டு 12-லிருந்து ‘கூடுதல் மங்கல்’ வசதியும் இதற்காகவே. டார்க் மோடு பிடிஎஃப் பக்கத்தின் வெள்ளையை மாற்றாது. நிறத் தலைகீழாக்கத்தையும் குறுக்குவழியில் வைத்துக் கொடுங்கள். டியூப்லைட் பளபளப்பைத் தவிர்க்க மேட் ஒட்டுத்தாள் போட்டால் எழுத்து சற்று மங்கும். சாய்வு ஸ்டாண்டு போதுமா என்று முதலில் பாருங்கள்.

ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா உள்ளவர்களிடம் அவசரப்பட்டு எழுத்தைப் பெரிதாக்கிவிடாதீர்கள். அவர்களின் பார்வைப் புலம் குழாய் வழியே பார்ப்பது போலச் சுருங்கியிருக்கும். எழுத்து பெரிதாகப் பெரிதாக ஒரு பார்வையில் சிக்கும் எழுத்துகள் குறையும். அவர் கேட்பது சிறிய, தடித்த, மாறுபாடு மிகுந்த எழுத்தாக இருக்கலாம். 300 விழுக்காடு பெரிதாக்கிய பிடிஎஃப்பை இடமும் வலமும் இழுத்துப் படிப்பது யாருக்குமே தலைவலி. அதே பாடத்தை இபப் (மின்னூல் வடிவம்) ஆகவோ வேர்ட் ஆகவோ தந்தால் வரி திரைக்குள் தானே மடங்கிக்கொள்ளும். மறுபடி கோப்பிலேயே வந்து நிற்கிறோம்.

கரும்பலகையைப் பார்க்க டேப்லெட் கேமரா சுமார்தான். ஆப்டிகல் ஜூம் இல்லாததால் இரண்டு மூன்று மடங்குக்கு மேல் படம் பொரிந்துவிடும். போனில் படமெடுத்து டேப்பில் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

செவித்திறன்: ஆண்ட்ராய்டு, ஆனால் மைக் முக்கியம்

பேச்சை எழுத்தாக்கும் கூகுளின் லைவ் டிரான்ஸ்க்ரைப் தமிழில் வேலை செய்கிறது. ஐபேடின் நேரலை வசனவரியில் தமிழ் இல்லை. தமிழ்வழி வகுப்புக்கு இந்த ஒன்றே ஆண்ட்ராய்டுக்குப் போதுமான காரணம்.

பாதி வெற்றி மென்பொருளில், மீதி மைக்கில். நான்காவது வரிசையில் மேசைமேல் கிடக்கும் டேப்லெட்டுக்கு ஆசிரியர் குரலைவிட மின்விசிறிச் சத்தம்தான் நன்றாகக் கேட்கும். சட்டையில் மாட்டும் கம்பியில்லா மைக்கின் ரிசீவரை யுஎஸ்பி-சி துளையில் செருகி, செயலியின் அமைப்பில் அந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கும். வாங்கும்போதே உங்கள் டேப்பில் செருகிப் பேசிப் பாருங்கள். சில ரிசீவர்கள் பழைய ஐபோன்களின் லைட்னிங் முனைக்கானவை. மைக்கை ஆசிரியரிடம் கொடுப்பதும் வாங்குவதும் யார் பொறுப்பு என்று முதல் வாரமே முடிவு செய்யாவிட்டால் அது துறைத்தலைவர் மேசை இழுப்பறையில் தூங்கும்.

சென்னை வகுப்பறைத் தமிழ் பாதி ஆங்கிலம். செயலியில் இரண்டு மொழிகளை வைத்து ஒரு தட்டில் மாற்றலாம் என்றாலும், ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வரும் கலைச்சொற்கள் சிதையும். பாடத்தின் கலைச்சொல் பட்டியல் ஒரு பக்கம் முன்கூட்டியே மாணவர் கையில் இருந்தால் சிதைந்த சொல்லை ஊகித்துக்கொள்வார். சேமிப்பு அமைப்பை இயக்கி வைத்து, அன்று மாலையே உரையை வேறு கோப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். நெட் தடுமாறும் கட்டடமாக இருந்தால் ஒலிப்பதிவும் கூடவே ஓடட்டும். 64 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பிதான்.

சைகை மொழியே முதல் மொழியான மாணவருக்கு இந்தத் தமிழெழுத்து ஓட்டம் பாதிதான் உதவும். மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன, அந்த ஏற்பாடு இல்லாத கல்லூரியில் மொழிபெயர்ப்பாளருக்கான செலவை டேப்லெட்டைக் காட்டித் தட்டிக்கழிக்கக் கூடாது.

கை, தசை, பேச்சு: இங்கே ஐபேட்

பெருமூளை வாதம், தசைச் சிதைவு, தண்டுவடக் காயம் உள்ளவர்களுக்கு ஐபேடின் கூடுதல் விலை வீண்போகாது. கை நடுங்கி இரண்டு முறை பட்டாலும் ஒருமுறையாகவே எடுத்துக்கொள்வது, விரல் எவ்வளவு நேரம் அழுத்தினால் தொடுதலாகக் கணக்கிட வேண்டும் என்பது, ஒற்றைச் சுவிட்சால் முழுக் கருவியையும் இயக்குவது எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. ஆண்ட்ராய்டிலும் இவற்றில் பல இருக்கின்றன. நிறுவனத்துக்கு நிறுவனம் பெயரும் இடமும் மாறுவதால் பழக்கிவிட்டவர் போனபின் மாணவர் தவிப்பார். ஐபேட்ஓஎஸ் 18-லிருந்து பத்தாம் தலைமுறை ஐபேடிலேயே கண்ணசைவால் இயக்க முடியும். கருவி ஆடாமல் முகத்திலிருந்து ஒன்றரை அடியில் நிற்க வேண்டும்.

இந்த ‘ஆடாமல்’தான் சிக்கல். கடையில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் வளைகழுத்து ஸ்டாண்டில் மாட்டினால் ஒவ்வொரு தொடுதலுக்கும் திரை ஊஞ்சலாடும். சக்கர நாற்காலிக் குழாயின் விட்டத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். 22 அல்லது 25 மிமீ இருப்பது வழக்கம். அதைக் கவ்வும் உலோகக் கிளாம்ப், இரண்டு மூட்டுள்ள கை, உறையோடு ஒரு கிலோ தாங்கும் பிடி. நாற்காலியை மடிக்கும்போது கிளாம்ப் இடிக்கிறதா என்று மடித்துப் பார்த்தபின் திருகை இறுக்குங்கள். கருவிக்கு 35,000 கொடுத்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பது தப்புக்கணக்கு.

குரல் தட்டச்சை எல்லோருக்கும் தீர்வாக நினைக்க வேண்டாம். தண்டுவடக் காயம் உள்ளவருக்கு அது வரம். பேச்சு குழறும் பெருமூளை வாத மாணவரின் தமிழை அது பிடிக்காது. பத்து வார்த்தையில் ஆறைத் திருத்த வேண்டியிருந்தால் கையாலேயே தட்டியிருக்கலாம்.

பேச முடியாதவர்களுக்கு, திரையில் தொட்டதைக் குரலாகச் சொல்லும், சென்னையிலேயே உருவான ‘ஆவாஸ்’ செயலி இருக்கிறது. தமிழ் உண்டு, ஐபேட் ஆண்ட்ராய்டு இரண்டிலும் ஓடும். கல்லூரி மாணவருக்கு அதன் படப்பலகையை விட விசைப்பலகைப் பக்கமும், வகுப்பில் கேட்கும் கேள்விகளை முன்கூட்டியே சேமித்து வைப்பதும் உதவும். கோட்டூர்புரத்தின் வித்யாசாகர், முட்டுக்காட்டின் தேசிய பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனம் போன்ற இடங்களில் பேச்சுப் பயிற்சியாளரிடம் மதிப்பீடு முடித்துவிட்டு வாங்குங்கள்.

வெயிலை மறந்துவிடாதீர்கள். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்ப எல்லை 35 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் சக்கர நாற்காலியில் மாட்டியபடி வளாகத்தைக் கடந்தால் திரை மங்கி, வெப்ப எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். மற்றவருக்கு அது பத்து நிமிட எரிச்சல். ஆவாஸை வைத்துப் பேசுபவருக்கு அந்தப் பத்து நிமிடமும் வாயில்லை. லேமினேட் செய்த எழுத்துப் பலகை ஒன்று எப்போதும் நாற்காலிப் பையில் இருக்கட்டும்.

கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தனிக் கருவி அவசியமில்லை. வாசிக்கும் சொல்லை நிறமிட்டுக் காட்டியபடியே படித்துக் காட்டும் வசதி எல்லாவற்றிலும் இருக்கிறது. அவர்கள் கையிலுள்ள போனில் அதை இயக்கிக் காட்ட அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

தேர்வறை

2018-இல் மத்திய அரசு வெளியிட்ட தேர்வு வழிகாட்டுதல்கள் 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கென வந்தவை. பிரெய்ல், கணினி, பெரிய எழுத்து, சொல்வதை எழுதுபவர் என்று விடைதரும் முறையை மாணவரே தேர்ந்தெடுக்க அவை இடம் தந்தன. மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் ஈடுநேரம் உண்டு. கணினியில் எழுதுபவர் அதை ஒருநாள் முன்பே சோதித்துப் பார்க்கலாம். இந்தக் கடைசி உரிமையைப் பெரும்பாலானோர் பயன்படுத்துவதே இல்லை.

தேர்வுக்கு டேப்லெட் கேட்டால் கட்டுப்பாட்டு அலுவலர் தயங்குவார். ஐபேடில் ‘வழிகாட்டிய அணுகல்’ ஒரே செயலிக்குள் பூட்டும். அதுவும் வாய்ஸ்ஓவரும் அதே மூன்று-தட்டுக் குறுக்குவழியில் இருந்தால் பட்டியல் ஒன்று குறுக்கே வரும் என்பதை முன்பே பழகிக்கொள்ள வேண்டும். நெட்டை அணைத்த லேப்டாப், பென்டிரைவில் வினாத்தாள், முடிந்ததும் அங்கேயே அச்செடுத்துக் கையொப்பம் என்ற நடைமுறைக்கு அனுமதி கிடைப்பது எளிது. தேர்வை நோக்கியே வாங்குகிறீர்கள் என்றால் மாணவர் செமஸ்டர் முழுக்கப் பழகிய அதே கருவியே அங்கும் இருக்க வேண்டும்.

ஐந்து லட்சத்தைப் பிரிப்பது

எல்லோருக்கும் ஐபேட் என்றால் 34,900 வீதம் பதினான்குதான் வரும், துணைப்பொருளுக்குச் சில்லறைதான் மிஞ்சும். எல்லோருக்கும் 20,000 ரூபாய் ஆண்ட்ராய்டு என்றால் இருபதும் வந்து ஒரு லட்சம் மிஞ்சும். ஒப்படைப்பு எழுதவேண்டியவர் கைவிரலால் திரையைத் தடவிக்கொண்டிருப்பார். பார்வையற்றோர் ஆறு பேர், குறைபார்வையும் செவித்திறனுமாக ஆறு பேர், உடலியக்கக் குறைபாட்டில் இரண்டு பேர், மற்றவர் ஆறு பேர் என்றால் எங்கள் கணக்கு இப்படி: 40,000 ரூபாய் லேப்டாப் ஆறு, 22,000 ரூபாய் ஆண்ட்ராய்டு ஆறு, ஐபேட் இரண்டு. மொத்தம் 4,42,000-ஐ ஒட்டி வரும். மீதி 58,000-இல் மைக், கிளாம்ப், தட்டை ஸ்கேனர், இயர்போன், போனுக்கான விசைப்பலகைகள். ஆண்ட்ராய்டில் 4 ஜிபி ரேமுக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். 3 ஜிபி டேப்பில் டாக்பேக் ஒவ்வொரு தடவலுக்கும் மூச்சு வாங்கும்.

கருவிகளை இரவலாகக் கொடுப்பதா, சொந்தமாக்குவதா என்பதில் கல்லூரிகள் இரவலையே விரும்பும். அதில் ஒரு பொறி இருக்கிறது. மாணவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கோடு மூன்றாண்டு பயன்படுத்திவிட்டு, கணக்கை நீக்காமல் திருப்பித் தந்தால், கருவியை அழித்துப் புதிதாக்கினாலும் பழைய கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். அவர் வேலை கிடைத்து பெங்களூரு போயிருப்பார், அந்த ஜிமெயில் அவருக்கே மறந்திருக்கும். திரும்பப் பெறும் நாளில் மாணவரை எதிரில் உட்காரவைத்து, பாடக்கோப்புகளை அவர் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுத்து, கணக்கை நீக்கி, அழித்து, மீண்டும் தொடக்கத் திரை கேள்வியில்லாமல் வருகிறதா என்று பார்த்தபிறகே பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள்.